மழை தலைக்குள் பெய்த வீடு

போன மாதம் என் மகள் வீட்டில் புதிதாக ஹோம் தியேட்டர் வாங்கினார்கள். கொண்டுவந்து மாட்டியவர் சோபாவின் நடுவில் ஒரு சின்ன மைக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செட் தானாகவே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓர் ஒலியை எழுப்பியது. எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தள்ளியிருக்கிறது, எதில் சத்தம் கம்மி, எதில் வயர் மாறியிருக்கிறது என்று டிவி திரையிலேயே எழுதிக் காட்டியது. கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"மாமா, உங்க காலத்துல இதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அரை நாள் ஆவும் மாப்ள" என்றேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த மைக்கைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அரிசிமணி மாதிரி இருக்கும் ஒன்றுக்கு இப்படி ஒரு காதா என்று.

எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குகள் சங்கத்து இளைஞர்கள், ஆண்டு மலருக்கு உங்கள் தொழில் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று பல நாளாகக் கேட்கிறார்கள். கை நடுங்கத் தொடங்கி, சால்டரிங் வைப்பதை நிறுத்தி, வீட்டோடு உட்கார்ந்துவிட்ட பிறகு எழுதுவதற்கு நேரம் இருக்கிறது. சர்க்யூட் பற்றியும் பழுது பார்ப்பது பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். கொஞ்சம் எழுதுகிறேன். ஆனால் என் தொழிலை நினைத்தாலே முதலில் வந்து நிற்பவன் குமரேசன்தான். அவன்மேல் எனக்கிருந்த பொறாமையை விட்டுவிட்டு என் வேலையைப் பற்றி எழுதினால் அது வேறு யாரோ ஒருவருடைய வேலையாகிவிடும்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். வீட்டில் மணிலாவும், அதாவது வேர்க்கடலையும், நெல்லும் போட்டார்கள். நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு 1989இல் திருவண்ணாமலை தேரடிப் பக்கம் ஜமால் பாய் வைத்திருந்த டிவி, ரேடியோ பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தேன். நான் சேர்ந்த அதே வாரம் குமரேசனும் சேர்ந்தான். அடி அண்ணாமலைக்காரன். அவனும் ஐ.டி.ஐ.தான். மதிப்பெண்ணில் நான்தான் ஒரு படி மேல். முதல் நாள் நான் இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்க வேணு சார்" என்றார். கிண்டலா மரியாதையா என்று அன்றைக்கும் தெரியவில்லை, கடைசி வரைக்கும் தெரியவில்லை. குமரேசன் மிதிவண்டியில் வந்து வேர்வையோடு இறங்கினான். அவனை, "அரே குமரா, உள்ள வா" என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர்கள்தான். அவன் குமரா. நான் சார்.

கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூசி தட்டினோம், வால்யூம் கண்ட்ரோல் மாற்றினோம், பிக்சர் டியூப் தூக்கினோம். ஆனால் பாயின் முறையைச் சொல்ல வேண்டும். பழுது என்று ஒரு செட் வந்தால் அவர் உடனே திறக்க மாட்டார். கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்காருவார். கொண்டுவந்தவரைப் பேச விடுவார். "எப்பலேந்து? கரண்டு போயி வந்தப்பவா? சத்தம் கம்மியாச்சா, நின்னே போச்சா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பிறகு செட்டைப் போட்டு, பேசாமல் காது கொடுப்பார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "இன்னா சொல்லுது?" என்பார். சரியாகச் சொன்னவனுக்குத் தன் டீயில் பாதியைச் சாசரில் ஊற்றித் தள்ளுவார். பாராட்டு என்று அந்தக் கடையில் இருந்தது அது ஒன்றுதான்.

அந்தச் சாசர் குமரேசன் பக்கமே போய்க்கொண்டிருந்தது. நான் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் சொல்வேன். அவன் கேட்டே சொல்லிவிடுவான். கெப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது, எர்த் சரியில்லை, ஸ்பீக்கரில் பேப்பர் கிழிந்திருக்கிறது என்று. நான் திறந்து மீட்டர் வைத்தால் அவன் சொன்னதே இருக்கும். போகட்டும், திமிராகவாவது இருந்து தொலைத்தானா என்றால் அதுவும் இல்லை. எல்லோருடைய டிபன் பாக்ஸிலும் கைவைப்பான். எல்லோரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். வெறுப்பதற்கு ஒரு காரணமும் தராத ஆளை வெறுத்துக்கொண்டிருப்பது பெரிய வேலை.

சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வைத்திருந்தார்கள். பாட்டுப் போட்டால் சத்தம் வருகிறது, ஆனால் நன்றாக இல்லை என்றார் மண்டபத்து மேனேஜர். நான் ஆம்ப்ளிபயரைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், ஸ்பீக்கர்களைத் தனித்தனியாகப் பார்த்தேன். எல்லாமே சரியாக இருந்தது. சட்டை நனைந்ததுதான் மிச்சம். குமரேசன் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தான். மண்டபத்தின் நடுவில் வந்து நின்றான். தலையை லேசாகச் சாய்த்தான்.

"வேணு, ஒரு பெட்டி தலைகீழா கட்டிக்கீதுடா. அந்தப் பக்கம் ரெண்டு வயரையும் மாத்திப் போடு."

மாத்திப் போட்டேன். அதுவரை மண்டபம் முழுக்கச் சிதறிக் கிடந்த நாதஸ்வரம் எழுந்து வந்து மேடையின் நடுவில் உட்கார்ந்தது.

இந்தப் பழுதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பின்னால் தேவைப்படும். ஸ்பீக்கருக்கு இரண்டு முனை. பிளஸ், மைனஸ். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே மாதிரி கட்டினால் இரண்டின் காகிதக் கூம்பும் ஒரே நேரத்தில் முன்னால் வரும், ஒரே நேரத்தில் பின்னால் போகும். ஒன்றை மட்டும் மாற்றிக் கட்டிவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாகவே பாடும். மீட்டரும் குறை சொல்லாது. நடுவில் உட்கார்ந்து இரண்டு காதாலும் கேட்டால் மட்டும், சத்தத்துக்கு இடமே இல்லாத மாதிரி, மண்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஓர் அவஸ்தை.

அன்றைக்குச் சாயங்காலம் சாசர் யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் நான் ஒரு பென்சில் பேட்டரி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் பேட்டரியைத் தொட்டு எடுத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே துள்ளும். மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். காது பொய் சொல்லலாம், கூம்பு சொல்லாது. எனக்கு அவன் காது இல்லை. அதனால் பேட்டரி இருந்தது.

இப்படியே வருஷங்கள் ஓடின. எனக்குக் கல்யாணமாயிற்று, அவனுக்கும் ஆயிற்று. கேபிள் வந்தது, சிடி வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் ஊரிலும் வசதியானவர்கள் வீட்டில் ஹோம் தியேட்டர் வரத் தொடங்கியது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் இரண்டு, தரையில் ஒரு பெரிய பெட்டி. வந்த புகார்களில் பாதி ஒரே புகார்தான்: "பின்னாடி ஸ்பீக்கர் பாடவே மாட்டேங்குது."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் என்ன டிஸ்க் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய படத்தில் பின்னாலிருந்து சத்தம் வராது, அது பழுது இல்லை. அடுத்தது பிளேயரின் செட்டிங். இரண்டு ஸ்பீக்கர் என்று வைத்திருந்தால் ஆறு ஸ்பீக்கர் எப்படிப் பாடும்? பிறகு ஆம்ப்ளிபயரிலேயே இருக்கும் சோதனை ஒலியைப் போடுங்கள். மழை இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். எது பேசவில்லையோ அதன் வயரை ஆம்ப்ளிபயரில் கழற்றி, பேசுகிற ஸ்பீக்கரின் இடத்தில் போடுங்கள். இப்போது பேசினால் பழுது ஆம்ப்ளிபயரில். அப்போதும் பேசவில்லை என்றால் வயரிலோ ஸ்பீக்கரிலோ. இவ்வளவுதான். பத்துக்கு ஒன்பது செட் இதற்குள் அடங்கிவிடும்.

அடங்காத ஒன்றுதான் சாவித்திரி அம்மா வீட்டு செட்.

அந்தச் சமயத்தில் பாய்க்கு முழங்கால் வலி. ஆம்பூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைய உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் கையில குடுத்துட்டுப் போறேன். ரெண்டு பேரும் மொதலாளின்னா கடை நிக்காது" என்று எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே சொன்னார். சொல்லும்போது அவர் கண் குமரேசன் பக்கம் போயிற்று. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஒரு வருஷமாகவே குமரேசன் பெரும்பாலும் கடையிலேயே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தான். வெளிவேலையை வலிய என் தலையில் கட்டுவான். வெயிலில் நான் அலைந்துகொண்டிருந்தேன். தெருவில் போகும்போது கூப்பிட்டால் சில நேரம் திரும்பாமலே போவான். முதலாளி ஆவதற்கு முன்பே வந்துவிட்ட மிதப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கம் ரோட்டில் எண்ணெய் மில் வைத்திருந்தவரின் மனைவி சாவித்திரி அம்மா. புது வீட்டில் பால்ஸ் சீலிங் என்று அட்டைக் கூரை போட்ட அறை கட்டி, செட் வைத்திருந்தார்கள். வாங்கிய நாளிலிருந்து அந்த அம்மாவுக்கு மட்டும் அதில் ஏதோ சரியில்லை. வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மா குமரேசன்தான் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அவன் போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்துவிட்டான். மறுபடி போன் வந்தது. மறுபடி போனான். மறுபடியும் சரியாக இருக்கிறது என்றான். மூன்றாவது தடவை போன் வந்தபோது பாய் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேணு சார், நீங்க ஒரு வாட்டி போயிட்டு வாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனால் முடியாத ஒன்று என் கைக்கு வருகிறது! குமரேசன் குனிந்து ஒரு போர்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

சாவித்திரி அம்மா கதவைத் திறந்ததும் முதலில் சொன்னது, "நீங்களும் வந்து சரியா இருக்குதுன்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிட்டுப் போயிடுங்க" என்பதுதான்.

பாயின் முறைப்படியே உட்கார்ந்து கேட்டேன். "என்னாங்கம்மா பண்ணுது? உங்களுக்கு எப்படிப் படுதோ அப்படியே சொல்லுங்க."

"இந்த டிஸ்க்குல மழை பெய்யற எடம் ஒண்ணு வருது. செட்டு வாங்கன கடையில கேட்டப்ப முதுகுக்குப் பின்னால பெஞ்சுது. திரும்பிப் பாத்துட்டேன். இங்க வந்து போட்டா தலைக்குள்ள பெய்யுதுங்க."

"தலைக்குள்ளயா?"

"சிரிக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு சிரிச்சிட்டாரு. புள்ள சிரிச்சான். உங்க கடை ஆளு வந்து ரெண்டு வாட்டி கண்ண மூடிக் கேட்டுட்டு, நல்லாதாம்மா இருக்குதுன்னுட்டுப் போயிட்டாரு. அவரு காது பெரிய காதுன்னு ஊரே சொல்லுது. அவரே சொன்னப்புறம் இவரு என்னா சொல்றாரு தெரியுமா? உனக்குத்தான் தலையில ஏதோ கோளாறு, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வரலாம்ன்றாரு. போன வாரம் நானே பயந்துட்டேன். நெஜமாவே எனக்குத்தான் ஏதாச்சும் ஆயிடுச்சான்னு."

நான் சிரிக்கவில்லை. மழையைப் போடச் சொன்னேன். அவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பெரிய காது இல்லை என்று சொன்னேன் அல்லவா? அந்த எனக்கே கேட்டது. பின்னால் இருக்க வேண்டிய மழை பின்னால் இல்லை. பக்கத்திலும் இல்லை. இரண்டு காதுக்கும் நடுவே எங்கேயோ அமுக்கிக்கொண்டு பெய்தது.

"கேக்குதும்மா" என்றேன்.

அந்த அம்மா பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள்.

சோதனை ஒலியைப் போட்டேன். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒழுங்காகப் பேசியது. பின்னாலிருக்கும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். அப்போதும் பேசின. நிறம் பார்த்தேன். ஆம்ப்ளிபயரில் சிவப்பு சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் இருந்தன. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால் ஸ்பீக்கர் பக்கமும் அப்படியே. வேறு ஆளாக இருந்தால் இங்கேயே விட்டுவிடுவான். நான் இரண்டு ஸ்பீக்கரின் வலைத்துணியையும் கழற்றினேன். ஆம்ப்ளிபயர் பக்கம் வந்து வயர் முனைகளைக் கழற்றிக்கொண்டு, "அம்மா, கூம்ப மட்டும் பாருங்க. வெளிய வருதா, உள்ள போவுதான்னு சொல்லுங்க" என்று பேட்டரியை எடுத்தேன்.

இடது பக்கம் தொட்டேன். டொக்.

"வெளிய வருது."

வலது பக்கம் தொட்டேன். டொக்.

"வெளிய... இல்ல, இன்னொரு வாட்டி வைங்க." வைத்தேன். "உள்ள போவுது! இது உள்ள போவுதுங்க!"

இரண்டு நுனியிலும் நிறம் சரியாக இருந்து கூம்பு மட்டும் உள்ளே போகிறது என்றால், நடுவில் எங்கேயோ வயர் மாறியிருக்க வேண்டும். அட்டைக் கூரையில் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தேன். வயர் நீளம் போதாமல் எலக்ட்ரீஷியன் ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தார். அந்த ஒட்டில் சிவப்பைக் கறுப்போடு முறுக்கி, மேலே டேப் சுற்றி மூடியிருந்தார். பிரித்து ஒழுங்காக முறுக்கினேன். மழையைப் போட்டேன்.

சாவித்திரி அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். மழை தொடங்கியதும் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். பிறகு எழுந்து போய் மில்லுக்குப் போன் செய்து, "ஏங்க, வூட்டுக்கு வாங்க. இப்பவே வாங்க. என் தலைக்கு ஒண்ணும் இல்ல" என்று சத்தமாகச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்கள்.

"எனக்குக் கேட்டுது. உங்களுக்குக் கேட்டுது. அந்தத் தம்பிக்கு மட்டும் ஏன் கேக்கல?"

அதுவரை நான் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன். அந்தக் கேள்வியில் அப்படியே நின்றுவிட்டேன். இது கல்யாண மண்டபத்துப் பழுதேதான். நடந்து வந்து நின்று தலையைச் சாய்த்த உடனே அவன் கண்டுபிடித்த பழுது. அதே பழுதை இரண்டு தடவை வந்து, கண்ணை மூடிக் கேட்டு, எப்படி விட்டான்?

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஆம்ப்ளிபயரில் வயரை மறுபடியும் மாற்றிப் போட்டேன். சோபாவின் நடுவில் உட்கார்ந்தேன். மழை தலைக்குள் பெய்தது. வலது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினேன்.

பழுது காணாமல் போயிற்று. மழை கொஞ்சம் மெலிசாகக் கேட்டது, அவ்வளவுதான். வேறு எந்தக் குறையும் இல்லை. கையை எடுத்தால் அவஸ்தை, பொத்தினால் நல்ல மழை.

எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒரு வருஷமாக அவன் பெஞ்சின் வலது ஓரத்திலேயே உட்காருவது, எல்லோரும் அவனுக்கு இடது பக்கம் இருக்கிற மாதிரி. டெலிபோனை இடது காதிலேயே வைப்பது. தெருவில் கூப்பிட்டால் திரும்பாதது. வெளிவேலையை என்மேல் தள்ளியது. மிதப்பு என்று நினைத்தேனே, அத்தனையும் காது.

"அந்தத் தம்பி வந்தப்ப ஒட்டு சரியா பட்டிருக்கும்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வயரைச் சரியாகப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கடைக்கு நடந்து வரும்போது, பாயிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டேதான் வந்தேன். பொய் சொல்லப் போவதில்லை, இல்லாததைச் சொல்லப் போவதில்லை. குமரேசனுக்கு ஒரு காது போய்விட்டது, சோதித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். கடை என் கைக்கு வந்துவிடும்.

உள்ளே நுழைந்தபோது இரண்டு மூன்று பேர் பழுது பார்த்த செட்டை வாங்கிப்போக நின்றிருந்தார்கள். பாய் ஸ்டூலில் இருந்தார். குமரேசன் சால்டரிங் கோலைக் கீழே வைத்தான்.

"என்னாடா கோளாறு அங்க?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் முகத்தைத் திருப்பி, இடது காதை என் பக்கம் கொடுத்துக்கொண்டு நின்றான்.

"கூரை மேல ஒட்டுடா. எறும்பு கூடு கட்டிக்கீது. ஒரு நேரம் படுது, ஒரு நேரம் வுடுது. நீ போனப்ப பட்டிருக்கும்" என்றேன்.

பாய் டீயைப் பாதி சாசரில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். எத்தனையோ வருஷம் காத்திருந்த சாசர். குடித்தேன். வாயில் சுவையே தெரியவில்லை.

சாயங்காலம் குமரேசன் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே என்கூடப் பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். அங்கே ஒரு டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தினான்.

"எறும்பு கட்டுன ஒட்டா இருந்தா கரகரன்னு வரும். அந்த அம்மா கரகரன்னு சொல்லல. தலைக்குள்ள பெய்யுதுன்னாங்க. அவங்க சொன்னப்பவே எனக்கு இன்னா கோளாறுன்னு தெரியும்டா."

"தெரிஞ்சி ஏன்டா வுட்டுட்டு வந்த?"

"ரெண்டு வாட்டி உக்காந்து கேட்டேன். எனக்குச் சரியாத்தான் இருந்துச்சி. காதுல வுழாத கோளாற இருக்குதுன்னு எப்படிடா ஒத்துக்கிறது? அந்த அம்மாவுக்குத்தான் ஏதோன்னு நெனச்சிக்கிட்டேன். அப்படி நெனச்சாதான் வூட்டுக்குப் போயி சோறு எறங்கும்."

"பேட்டரி வச்சிப் பாத்திருக்கலாமே?"

"அத நீ பண்ணுவ" என்றான். அந்த நிலைமையிலும் அந்தச் சொல் என்னைச் சுட்டது.

போன வருஷம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்த மாதிரி இருந்ததாம். சளி என்று விட்டுவிட்டான். வேலூரில் காட்டியபோது நரம்பு போய்விட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

"ஏன்டா பொய் சொன்ன? பாவம் பாத்தியா?" என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாவமா? உன்னயா? உம்மேல எனக்கு எம்மா வயித்தெரிச்சல் தெரியுமாடா? இத்தினி வருஷமா ஒரு வாட்டியாச்சும் உன்ன ஜெயிக்கணும்னு அலையறேன். கடைசியில செவிட்டுக் காத ஜெயிச்சேன்னு பேரு வாங்கறதா? அது எனக்கு எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான். "வயித்தெரிச்சல்னு தெரியும்டா. மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்கீதே" என்றான்.

மறுநாள் அவனே பாயிடம் சொல்லிவிட்டான். பாய் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். 

அந்த மாதக் கிரிவலப் பௌர்ணமி கழிந்து, ஊரில் கூட்டம் வடிந்த பிறகு, பாய் எங்களை உட்காரவைத்து முடிவைச் சொன்னார். கடை குமரேசனுக்கு.

என் காதையே நான் நம்பவில்லை. "பாய், வேலை..." என்று ஏதோ தொடங்கினேன்.

"வேலை உங்களுதுதான் ஜாஸ்தி. இல்லன்னு சொல்லல" என்றார். "உங்களுக்கு ரெண்டு காது இருக்குது வேணு சார். நீங்க எந்த ஊருக்குப் போனாலும் பொழச்சிக்குவீங்க. அவன் எங்க போவான்? அவனுக்கு உக்காற ஒரு எடம் வேணும்."

சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு ஒரு காது போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இன்னொருவனுடைய காது கேட்டபோதும் பொறாமைப்பட்டு, கேட்காமல் போனபோதும் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டில் மனைவி மல்லிகாவிடம் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவருக்குக் காது போனதுக்குமா பொறாமை? போயி சாப்புடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு கடைக்குப் போகவில்லை. மணிலா நிலத்தில் அப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். வந்தவாசியில் ஒரு கடையில் வேலைக்குச் சொல்லியும் வைத்தேன். சில நாள் கழித்து ஒரு முற்பகலில் குமரேசன் பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்துவிட்டான். வரப்பில் நடக்கத் தெரியாமல் தள்ளாடிக்கொண்டு வந்தான். என் அப்பாவுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. எனக்கு அதிலும் ஓர் எரிச்சல்.

"புது வூடுடா, போளூர் ரோட்டுல. செட்டு வந்து எறங்கிடுச்சி. நான் தனியா போனா ஆவாது. கெளம்பு."

"கடை உன்னுது. நீ போ."

"கடை என்னுதுதான். வலது பக்கம் யாரு கேக்கறது?"

 அவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். மணிலாச் செடி ஒன்றைப் பிடுங்கி, காயை உரித்துத் தின்றுகொண்டு, போகவே மாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்பா, "போயேன்டா, அந்தப் புள்ள இம்மா தூரம் வந்துக்கீதே" என்றார். காலைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வீட்டில் வயர் இழுத்து, ஸ்பீக்கர் மாட்டி, ஒவ்வொன்றையும் நான் பேட்டரி வைத்துப் பார்த்தேன். பிறகு அவன் சோபாவின் நடுவில் உட்கார்ந்தான். நான் அவனுக்கு வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். அவன் இடது காதை என் பக்கம் திருப்பி, ரிமோட்டை வைத்துக்கொண்டு ஏற்றி இறக்க, நான் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஜாஸ்தி. கொஞ்சம் கம்மி பண்ணு. இப்ப சரி. பின்னால வலதுல இன்னும் வரணும்." வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நேராக வந்து குமரேசனின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க காதப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் சார். இன்னிக்கு நேர்ல பாத்துட்டேன்" என்றார். எனக்கு வழக்கம்போல வயிறு எரிந்தது. அவர் காபி சொல்ல உள்ளே போனார்.

குமரேசன் எழுந்தான். "நீ நடுவுல உக்காரு. ஒரு வாட்டி முழுசா கேளு" என்றான்.

உட்கார்ந்தேன். ஏரிக்கரையில் பறவைகள் எழும்பும் இடம் ஒன்றைப் போட்டான். முன்னால் தண்ணீரின் மேல் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சிறகுகள் அடித்தன. அந்தச் சத்தம் என்னை நோக்கி வந்தது. தலைக்கு மேலே வந்தது. நான் என்னையறியாமல் குனிந்தேன். தோளைத் தாண்டி, பின்னால் போய், இரண்டாகப் பிரிந்து, வெகுதூரத்தில் கரைந்தது. என் காதில் விழுந்ததிலேயே நல்ல சத்தம் அதுதான். அதற்கு முன்னும் அப்படிக் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

நிமிர்ந்தபோது குமரேசன் டிவியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அத்தனை வருஷமாக நான் அவனைப் பார்த்த பார்வை அது.



"சொல்லுடா" என்றான். "எப்படிப் போச்சி?"

"முன்னாலேந்து கெளம்புச்சி. நேரா நம்ம பக்கம் வந்துச்சி."

"ம்."

"தலைக்கு மேல வந்துச்சி. குனிஞ்சிட்டேன்."

"பாத்தேன். அப்புறம்?"

"பின்னால போயி ரெண்டா பிரிஞ்சிச்சி. பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்."

அவன் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தான். பிறகு எழுந்து, கேட்கிற காது என் பக்கம் வரும்படி வலது பக்கம் மாறி உட்கார்ந்தான். "இன்னொரு வாட்டி போடறேன்" என்றான். "இப்ப போவப் போவச் சொல்லிக்கினே வா."

போட்டான். பறவைகள் எழும்பின. நான் சொல்லத் தொடங்கினேன்.